வியாழக்கிழமைத் தண்ணீர்

ஆன்செல்ம் லவோர் முப்பது வருஷம் பாடுபட்டுக் கட்டின கால்வாயில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் அறுபது ஆடு இருக்கும். மூன்று வருஷமாக ஜூலை பிறந்தால் இதே கூத்துதான். குளிர்காலத்தில் தண்ணீர் தளும்பும். ஈஸ்டர் கழிந்ததும் படகு போகும். ஜூன் கடைசியில் படகுக்காரர்கள் கரையில் நின்று தலையைச் சொறிவார்கள். அப்புறம் இடையன் வந்து ஆட்டை இறக்கிவிடுவான். "இன்ஜினியர் ஐயாவோட மேய்ச்சல் நிலம்" என்று ஊரில் பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரை முதலில் சொன்னவன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் ஒதில் அறைந்தே இருப்பாள்.

ஒதில் அந்த இன்ஜினியரின் மனைவி. வயது ஐம்பது. செவ்வாய்க்கிழமை காலையில் மேல்மதகுக்கு அவள் போனது, பிலிபெரின் மனைவி மெலானிக்கு சூப் கொடுக்க. மெலானிக்கு இடுப்புக்குக் கீழே அசைவு நின்று ஆறு வருஷமாகிறது. பிலிபெர் அந்த மதகின் காவலர். மதகை ஒட்டிய சின்ன வீடு வேலையோடு சேர்ந்து வந்தது. அதற்கு முன்னால் அவர் கால்வாய் முழுவதற்கும் களிமண் மேஸ்திரி. கால்வாயை வெட்டிவிட்டால் மட்டும் தண்ணீர் நின்றுவிடாது. அடியில் களிமண்ணைக் கொட்டி, ஈரமாக்கி, ஆளும் மாடும் சேர்ந்து மிதி மிதி என்று மிதித்து இறுக்க வேண்டும். அந்த மிதியில் அந்த மலைநாட்டிலேயே பிலிபெரை மிஞ்ச ஆள் கிடையாது.

"இறங்கி வா பொண்ணே, உனக்கு ஒண்ணு காட்டறேன்" என்று கால்வாய்க்குள் நின்றபடியே கூப்பிட்டார்.

"இந்த வயசுல என்னைச் சேத்துல இறக்கப் பாக்கறீங்களா அண்ணே?"

"சேறு எங்க இருக்கு? சேறு இருந்தா உன் வீட்டுக்காரர் இந்நேரம் சிரிச்சிட்டில்ல இருப்பாரு!"

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கால்வாயின் நடுவே, ஒரு வண்டி அகலத்துக்கு, குட்டையாகத் தண்ணீர் நின்றது. இரண்டு ஆடுகள் அதில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தன.

"பன்னெண்டு நாளைக்கு முன்னால பெஞ்ச மழை இது. வெயில் குடிச்சது போக, இதுங்க குடிச்சது போக, மிச்சம் அப்படியே நிக்குது பாரு. என் களிமண்ணு ஒழுகுதாம்! எங்க ஒழுகுது? காட்டச் சொல்லு அவரை." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடுத்த கேள்வியில் சிரிப்பு இல்லை. "வியாழக்கிழமை பாரிஸிலேருந்து பெரிய ஐயா வராராமே. உன் வீட்டுக்காரர் எழுதின அறிக்கையில என் பேரு இருக்குன்னு ஆபீஸ்ல எழுதறவன் சொல்றான். நெசமா?"

"அதெல்லாம் இருக்காது அண்ணே."

"இருந்தா இந்த வீடு போயிடும். மெலானியை எங்க தூக்கிட்டுப் போவேன் சொல்லு. அவளா எந்திரிச்சு நடந்து வரப்போறா?"

ஒதில் சூப் பாத்திரத்தைக்கூடத் திரும்ப வாங்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள். கால்வாயில் ஏன் தண்ணீர் இல்லை என்று அந்த நாட்டிலேயே தெரிந்த ஒரே ஆள் அவள்தான். முப்பத்தொரு வருஷமாகத் தெரியும்.

கதை இவ்வளவுதான். வடக்கே ஓடும் ஓர் ஆறு, தெற்கே ஓடும் ஓர் ஆறு, நடுவில் மலைமுதுகு. இரண்டையும் சேர்த்துவிட்டால் படகு தேசத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகலாம். அதற்குப் படகு இந்தப் பக்கம் மதகு மதகாக, ஒவ்வொன்றிலும் கதவடைத்துத் தண்ணீர் நிரப்பி உயர்த்த, மலை ஏறி, அந்தப் பக்கம் மதகு மதகாக இறங்க வேண்டும். உச்சியில் மூன்று கிலோமீட்டர் சமதளம். ஏறுகிற படகுக்கும் இறங்குகிற படகுக்கும் தண்ணீர் அந்த உச்சியிலிருந்துதான் போக வேண்டும். உச்சிக்குத் தண்ணீர் தர அங்கே இருந்தது ஒரே ஓடை, வெர்னோல். வறண்ட மாதங்களில் வெர்னோலில் எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கத்தான் இருபத்தாறு வயது ஆன்செல்ம் அந்த மேட்டுக்கு வந்து சேர்ந்தார். போதுமான தண்ணீர் இருந்தால் கால்வாய் இந்த வழியே வரும், இல்லையென்றால் வேறு மாவட்டத்தில் வேறு பள்ளத்தாக்கு.

அளப்பதற்குச் சட்டம் உண்டு, அச்சடித்த சட்டம். வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே மணி. சந்தை நாளான வியாழக்கிழமை மட்டும்தான் அந்த மேட்டுக்குக் குதிரை வண்டி வரும். ஆகவே வியாழன், காலை பத்து மணி. ஓடைக்குக் குறுக்கே நடுவில் வெட்டு விட்ட பலகையை நிறுத்துவார். வெட்டின் மேல் எத்தனை விரல் உயரத்துக்குத் தண்ணீர் வழிகிறது என்று பித்தளைக் குச்சியால் அளந்து நோட்டில் எழுதுவார். மனுஷன் ஒரு வாரம் தவறியதில்லை, ஐந்து நிமிஷம் பிந்தியதில்லை. அந்த ஒழுங்குதான் அவரைக் கெடுத்தது.

பலகை நின்ற இடத்துக்குச் சற்று மேலே ஒதிலின் அப்பா தியெபோவின் மாவு மில். மில்லுக்குப் பின்னால் தண்ணீரைத் தேக்கி வைக்கிற குளம். அதன் வாயை ஒரு பலகை அடைத்திருக்கும், தூக்கினால் தண்ணீர் ஓடையில் இறங்கும். வியாழன்தோறும் அப்பா மாவு மூட்டைகளோடு சந்தைக்குப் போய்விடுவார், மில் ஓடாது. ஒதில் தனியாக இருப்பாள். முதல் வியாழன் அந்தப் புதிய இன்ஜினியர் அளந்தார், முகம் சுருங்கியது. இரண்டாவது வியாழனும் அப்படியே. மில் வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். அவள் ஒரு கிண்ணம் நிறைய நீலப் பிளம்ஸ் பழம் கொடுத்தாள். தின்றுவிட்டு, முற்றத்தில் குப்பை போடக்கூடாதென்று கொட்டைகளைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பன்றி நுழைகிற முற்றத்தில் பிளம்ஸ் கொட்டைக்கு என்ன மரியாதை!

"தண்ணி போதாதுங்க. இன்னும் ரெண்டு வாரம் இப்படியே இருந்தா நான் கிளம்ப வேண்டியதுதான்" என்றார் அவர்.

மூன்றாவது வியாழன் அப்பாவின் வண்டி வளைவு திரும்பியதும் ஒதில் போய்க் குளத்துப் பலகையை ஒரு சாண் தூக்கிவிட்டாள். பத்து மணிக்கு அவர் வந்தபோது ஓடை கலகலவென்று ஓடியது. அளவுப் பலகையின் வெட்டில் இரண்டு மடங்கு உயரம் வழிந்தது. அவர் குச்சியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி கத்தினார். அந்தச் சத்தத்துக்காகத்தான் அவள் அடுத்த வாரமும் தூக்கினாள், அதற்கடுத்த வாரமும் தூக்கினாள். மதியம் அடைத்துவிடுவாள், அப்பா திரும்பி வருவதற்குள் குளம் பாதி ஏறியிருக்கும். இரண்டு வருஷத்து வறண்ட மாதங்கள், முப்பத்திரண்டு வியாழக்கிழமை. அவளைத் திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள். பத்தொன்பது வயது, பிடித்துப்போன ஆள், ஒரு பலகை. வேறு என்ன தெரியும் அவளுக்கு?

பாரிஸில் பெரிய மனுஷர்கள் மறுபடி அளந்துபார்க்காமலா விடுவார்கள் என்று நினைத்தாள். ஒருத்தரும் வரவில்லை. அந்த எண்ணுக்குக் கீழே மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் அது வேதவாக்கு. அந்த எண்ணை வைத்துத்தான் ஏரி தோண்டினார்கள், மதகு கட்டினார்கள். மில்லை அரசாங்கம் வாங்கி இடித்தது, குளத்தைத் தூர்த்தது. கல்யாணத்தன்று சொல்ல நினைத்தாள். முதல் மண்வெட்டி விழுந்த அன்று சொல்ல நினைத்தாள். அன்று அவர் ஊர் முன்னால் அழுதுவிட்டார். அழுகிற மனுஷனிடம் எதைச் சொல்வது? வருஷம் ஆக ஆக அது சொல்லவே முடியாத சங்கதியாகிவிட்டது.

அவருக்கு மார்செய் துறைமுகத்தில் வேலை வந்தது, போகவில்லை. எகிப்துக்குக் கூப்பிட்டார்கள். "வெர்னோல் இருக்கும்போது எனக்கு எகிப்து எதுக்கு?" என்றார். கூடப் படித்தவர்கள் பதவி மேல் பதவி ஏறினார்கள், இவர் மேட்டிலேயே கிடந்தார். களிமண் குழியில் காய்ச்சல் பரவி ஒரே வருஷம் பன்னிரண்டு பேர் செத்தார்கள். அதில் பிலிபெரின் மகன் ஜெர்மேனும் ஒருத்தன். பிரஷ்யாக்காரன் படையெடுத்து வந்த வருஷம் வேலை நின்றது. அது முடிந்து கால்வாய் திறந்தபோது ஆன்செல்முக்குத் தலை முழுக்க நரை.

முதல் கோடையில் உச்சி வறண்டதும் மழை பொய்த்துவிட்டது என்றார். இரண்டாம் கோடை வறண்டதும் களிமண்ணைப் பாதி தோண்டியெடுத்து மறுபடி மிதிக்கச் சொன்னார். பிலிபெர் வாய் திறக்காமல் மிதித்தார். இது மூன்றாம் கோடை. கால்வாயை மூடிவிட்டு ரயில் போடலாமா என்று முடிவு செய்யத்தான் பாரிஸிலிருந்து ஆள் வருகிறார்.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையிலேயே அறிக்கை கிடந்தது. முட்டைக்கோஸ் சூப்பை வைக்கும்போது ஒதில் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டாள். பிலிபெரின் பெயர் முழுசாக, கொட்டை எழுத்தில் இருந்தது.

"என்னங்க, பிலிபெர் அண்ணன் பேரை எடுத்துடுங்க."

"எடுத்துட்டு? தண்ணி எங்க போச்சுன்னு எழுதறது? காக்கா குடிச்சிடுச்சுன்னா?"

"அவர் மிதிச்ச களிமண்ணு ஒழுகாதுன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும்னுதான் இருபது வருஷமா நினைச்சேன். ஓடையில தண்ணி வருது, கால்வாயில தண்ணி இல்லை. நடுவுல இருக்கறது களிமண்ணு மட்டும்தானே?"

"ஓடையை மறுபடி ஒரு தரம் அளந்து பாருங்களேன்."

கரண்டியை வைத்துவிட்டார். "முப்பத்திநாலு வியாழக்கிழமை நின்னு அளந்தேன் ஒதில். மழையில, சளியோட. என் வாழ்க்கையில வேற எது தப்பா இருந்தாலும் அது தப்பில்லை. அதைத் தொடாதே."

இதற்கு மேல் அடக்கிவைக்க அவளால் முடியவில்லை. "நான் திறந்துவிட்டேன்" என்றாள்.

"எதை?"

"அப்பாவோட குளத்துப் பலகையை. நீங்க வர்ற நேரம் பாத்து."

அவர் ரொட்டியைக் கையில் பிடித்தபடியே இருந்தார். "எந்த வியாழக்கிழமை?"

"முதல் ரெண்டைத் தவிர எல்லா வியாழக்கிழமையும்."

எழுந்துபோய் அலமாரியிலிருந்து பழைய நோட்டை எடுத்துவந்தார். முதல் இரண்டு வரியை மட்டும் விட்டுவிட்டுக் கீழே இருந்ததையெல்லாம் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். உதடு அசைந்தது. அவர் மனக்கணக்குப் போடும்போது அப்படித்தான் அசையும். கால்வாய்க்கு வேண்டிய தண்ணீரில் பாதிகூட இல்லை. அந்த இரண்டு வரிக்கு எதிரே இளவயதுக் கையெழுத்தில் அவரே எழுதியிருந்தார்: போதாது.

"ஏன் செஞ்சே?"

"நீங்க போயிடுவீங்கன்னு."

நோட்டை மூடி வைத்தார். கத்தியிருந்தால், தட்டைத் தூக்கி எறிந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சாதாரணக் குரலில்தான் சொன்னார்: "நான் போயிருக்கணும்."

முப்பது வருஷக் குடித்தனத்தை அந்த ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். ஒதில் அழவில்லை. "பிலிபெர் அண்ணன் பேரை..." என்று மட்டும் கேட்டாள். அவர் அறிக்கையை எடுத்துக்கொண்டு எழுத்து மேஜைக்குப் போனார். பேனா கீறுகிற சத்தம் கேட்டது. அடிக்கிறார், பெயரை அடிக்கிறார் என்று அவள் நம்பினாள். நல்ல மனுஷன், பிளம்ஸ் கொட்டையை மடித்து வைத்துக்கொண்ட மனுஷன், இதைக்கூடவா செய்யமாட்டார்?

வியாழக்கிழமை காலை பாரிஸ் பெரியவர் வண்டியிலிருந்து இறங்கி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மேல்மதகில் நின்றார். ஆன்செல்முக்கு நான்கு வருஷம் ஜூனியர். பிலிபெர் பூசைக்குப் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். ஒதில் மதகின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆன்செல்ம் அறிக்கையைப் பிரித்து வாசித்தார். குரல் எங்கும் தடுக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் பெயர் அப்படியே இருந்தது. களிமண் மிதித்ததில் குறை, மேஸ்திரி பிலிபெர் பொறுப்பு.

"பொய்!" என்று ஒதில் கத்தினாள். "ஐயா, களிமண்ணுல குறை இல்லை. ஓடையிலயே தண்ணி இல்லை. இவர் அளக்கும்போது எங்க மில் குளத்தை நான் திறந்துவிட்டேன். வேணும்னா இப்பவே போய் அளங்க. அதோ அந்தக் குட்டையைப் பாருங்க, ரெண்டு வாரத்து மழைத் தண்ணி அப்படியே நிக்குது!"

பெரியவர் குட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "மதாம், ஆடு குடிக்கிற குட்டையை வெச்சு நான் ஒரு கால்வாயைத் தீர்மானிக்க முடியாது. இந்த அளவுக்குக் கீழே மூணு பேர் கையெழுத்து இருக்கு, மூணு பேரும் இன்னைக்குப் பெரிய பேரு. ஒரு மில்லுக்காரப் பொண்ணு பலகையைத் தூக்கினதுல பிரான்ஸ் தேசமே முப்பது வருஷம் ஏமாந்துபோச்சுன்னு நான் போய் எழுதணுமா?" என்று சொல்லிவிட்டு ஆன்செல்ம் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க லவோர். இவங்க சொல்றது நிஜமா?"

ஆன்செல்ம் அந்தக் குட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "என் மனைவி சின்ன வயசுலேருந்து இந்த மேஸ்திரியை அண்ணன்னு கூப்பிட்டு வளர்ந்தவ. பாவம் பாக்கறா" என்றார்.

பெரியவருக்கு அப்பாடா என்று இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. களிமண்ணில் குறை என்றால் சரிசெய்யலாம், ஓடையில் குறை என்றால் என்ன செய்வது? இன்னும் ஒரு முறை, கடைசி முறை, களிமண் முழுவதையும் தோண்டிப் போட்டுப் புது மேஸ்திரியை வைத்து மிதிக்கலாம் என்று அங்கேயே உத்தரவு கொடுத்தார். பழைய மேஸ்திரி சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சொல்லிவிட்டு ஆன்செல்மோடு வண்டியேறிப் போய்விட்டார்.

பிலிபெர் போகிற வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒதில் முன்னால் வந்து நின்றார்.

"நெசமா பொண்ணே? என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொன்னதில்லையே?"

அன்று அவளை நம்பி அப்படிக் கேட்ட ஒரே மனுஷன் அவர்தான். "மாதா சத்தியமா நெசம் அண்ணே."

"அப்போ உனக்கு முப்பது வருஷமாத் தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள்.

"எங்க ஜெர்மேன் குழியில இறங்கினானே, அன்னைக்கும் தெரியும்?"

"தெரியும்."

"காய்ச்சல்ல கிடந்தவனுக்கு நீதானே வந்து கஞ்சி ஊட்டின. அப்பவும் தெரியும்."

ஒதிலுக்கு எட்டி அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பிலிபெர் கையைக் கோட்டுப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"உன் வீட்டுக்காரர் என் வேலையில குத்தம்னு சொன்னாரு பாரு, அதை நான் தாங்கிப்பேன். அது பொய்யி, அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ சொன்ன நெசத்தை நான் எங்க கொண்டுபோய் வைக்கறது?" தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "மெலானிகிட்ட சொல்லாதே. அவ நம்பிடுவா."

சனிக்கிழமை காலை ஒதில் இரண்டு ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு கரையில் போய் நின்றாள். நகரத்துச் சாலைக்கு வறண்ட கால்வாய்தான் இப்போது குறுக்கு வழி. கோவேறு கழுதை பூட்டிய வண்டி கால்வாய்க்குள்ளேயே வந்தது. மெத்தையில் மெலானி படுத்திருந்தாள், காலடியில் அடுப்பும் ஒரு கூடைக் கோழியும். மெலானி கையை ஆட்டி, "வரேன் ஒதில், உடம்பைப் பாத்துக்கோ!" என்றாள். பிலிபெர் கழுதையைப் பிடித்துக்கொண்டு நடந்தார், நிற்கவில்லை, மேலே பார்க்கவும் இல்லை. வண்டிச் சக்கரம் குட்டைக்குள் இறங்கி ஏறிப் போனது. தண்ணீர் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு அடங்கியது.

ரொட்டியோடு அவள் வீட்டுக்குள் வந்தபோது ஆன்செல்ம் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். வியாழனுக்குப் பிறகு அவர் அவளிடம் பேசுவது அதுதான் முதல் தடவை.

"குட்டையில தண்ணி இன்னும் நிக்குதா?" என்று கேட்டார்.

"நிக்குது."

அவர் தலையசைத்தார். "திங்கட்கிழமை தோண்ட ஆள் வராங்க. நாப்பது பேர். மதியத்துக்கு சூப் வேணும்."

ஒதில் ரொட்டியைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பெரிய அண்டாவை எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள்.